ஃப்ளாஷ் புரொஃபஷனலில் ஸ்கிரீன் ஆவணங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அசைபடங்களும் ஊடாடும் பாடங்களும் செய்யப் பயன்பட்ட ஃப்ளாஷ் மென்பொருளில், ஸ்லைடு, ஃபார்ம் என்ற இருவகை ஸ்கிரீன்களாக ஆவணத்தை அடுக்கும் வசதி மேக்ரோமீடியா 2003இல் வெளியிட்ட ஃப்ளாஷ் எம்எக்ஸ் புரொஃபஷனல் 2004இல் முதலில் வந்தது. 2005இல் வந்த ஃப்ளாஷ் 8 புரொஃபஷனலிலும், அடோபியின் கைக்கு மாறிய பிறகு 2007இல் வந்த சிஎஸ்3இலும் அது இருந்தது. அப்போது செய்த பாடங்களையும் செய்முறை விளக்கங்களையும் இன்று திறந்து திருத்த வேண்டியிருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை இருக்கிறது.

கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். மென்பொருளில் அவற்றை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். பெரும்பாலும் முதல் சொல் சிறிய எழுத்தில் தொடங்கும், அடுத்தடுத்த சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். கிளாஸ்களின் (ஒரே மாதிரிப் பொருட்களுக்கான குறியீட்டு வார்ப்புகள்) பெயர்கள் முதல் சொல்லிலேயே பெரிய எழுத்தில் தொடங்கும், _லாக்ரூட் முழுக்கச் சிறிய எழுத்து.

ஸ்கிரீன் ஆவணம் சாதாரண ஃப்ளாஷ் ஆவணத்திலிருந்து எதில் வேறுபடுகிறது?

சாதாரண ஆவணத்தில் எல்லாம் முதன்மை டைம்லைனில், அதாவது ஃபிரேம்கள் வரிசையாக ஓடும் காலக்கோட்டில் நடக்கும். பத்தாவது ஃபிரேமில் ஒரு பக்கம், இருபதாவதில் இன்னொன்று, நடுவில் ஸ்டாப் கட்டளை என்று அடுக்குவோம். ஸ்கிரீன் ஆவணத்தில் அந்த முதன்மை டைம்லைன் கண்ணிலேயே படாது. அதற்குப் பதிலாக இடப்பக்கம் ஸ்கிரீன் அவுட்லைன் என்ற கிளைப்பட்டியல் இருக்கும். ஒவ்வொரு ஸ்கிரீனும் உள்ளுக்குள் ஒரு மூவி கிளிப்தான், அதற்கென்று தனி டைம்லைன் உண்டு. ஆனால் அது மறுமுறை பயன்படும் பொருட்களைச் சேமிக்கும் லைப்ரரியில் வராது, ஒரே ஸ்கிரீனை இரண்டு இடத்தில் வைக்கவும் முடியாது.

இதில் அடிக்கடி மறந்துபோவது ஒன்று: எல்லா ஸ்கிரீன்களும் முதன்மை டைம்லைனின் முதல் ஃபிரேமிலேயே இருக்கின்றன. பார்வையாளருக்கு ஒன்று தெரியும், மற்றவை மறைந்திருக்கும். கீழே வரும் தொல்லைகளில் பல இதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஸ்லைடா, ஃபார்மா? எதை எடுப்பது?

ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டியது ஸ்லைடு. விசைப்பலகையில் முன்னும் பின்னும் நகர்வது, அடுத்தது முந்தியது என்ற வரிசை எல்லாம் அதற்குள் ஏற்கனவே இருக்கின்றன. பயனர் செய்வதைப் பொறுத்து எதுவும் தோன்றலாம், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கூடத் தெரியலாம் என்றால் ஃபார்ம். அதில் தானாக நகரும் வழி எதுவும் கிடையாது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். விஷுவல் பேசிக்கிலிருந்து வந்தவர்களை மனதில் வைத்துச் செய்தது அது.

ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்கலாம். ஃபார்ம் பயன்பாட்டுக்குள் உதவிப் பக்கங்களை மட்டும் ஸ்லைடுகளாக வைப்பது நல்ல ஏற்பாடு. சந்தேகம் வந்தால் ஸ்லைடிலேயே தொடங்குங்கள். எழுத வேண்டிய குறியீடு குறைவு.

புதிய ஆவணம் தொடங்குவது எப்படி? பழைய சாதாரண ஆவணத்தை மாற்ற முடியுமா?

ஃபைல் பட்டியலில் நியூ, அதில் ஃப்ளாஷ் ஸ்லைடு பிரசன்டேஷன் அல்லது ஃப்ளாஷ் ஃபார்ம் அப்ளிகேஷன். முதலாவதில் பிரசன்டேஷன் என்ற மேல்நிலை ஸ்கிரீனும் அதற்குள் ஸ்லைடு1உம் தயாராக இருக்கும். இரண்டாவதில் அப்ளிகேஷன், அதற்குள் ஃபார்ம்1. மேல்நிலை ஸ்கிரீனை அழிக்கவோ நகர்த்தவோ முடியாது.

பழைய ஆவணத்தை அப்படியே மாற்றும் கட்டளை இல்லை. புதிய ஸ்கிரீன் ஆவணம் திறந்து, பழையதிலிருந்து ஃபிரேம்களையும் லைப்ரரிச் சின்னங்களையும் நகலெடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

வெளியீட்டு அமைப்பில் ஃப்ளாஷ் பிளேயர் 6 அல்லது அதற்கு மேல், ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2.0 (ஃப்ளாஷின் நிரல்மொழி) என்று இருக்க வேண்டும். கோப்பளவைக் குறைக்கலாம் என்று யாராவது ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1க்கு மாற்றினால் ஸ்கிரீன்கள் வேலை செய்யாது. சிஎஸ்3இல் வந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3.0இலும் இவை இல்லை.

ஸ்கிரீன்களைச் சேர்ப்பது, இடம் மாற்றுவது?

அவுட்லைனில் ஒரு ஸ்கிரீனை வலச்சொடுக்கினால் இன்செர்ட் ஸ்கிரீன், இன்செர்ட் நெஸ்டெட் ஸ்கிரீன் என்று இரண்டு வரும். முதலாவது அதே மட்டத்தில், தேர்ந்த ஸ்கிரீனுக்கு அடுத்ததாகச் சேர்க்கும். இரண்டாவது அதற்குள் சேயாகச் சேர்க்கும். இன்செர்ட் ஸ்கிரீன் டைப் வழியாக ஸ்லைடுக்குப் பக்கத்தில் ஃபார்மையோ, ஃபார்முக்குள் ஸ்லைடையோ வைக்கலாம். இடம் மாற்ற இழுத்து விட்டால் போதும். விடும்போது மட்டத்தைக் கவனியுங்கள். கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி விட்டால் பக்கத்து ஸ்லைடின் சேயாகிவிடும், விளக்கக்காட்சியில் திடீரென்று இரண்டு பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்.

ஒரு ஸ்கிரீனை அழித்தால் அதன் சேய்களும் சேர்ந்தே போகும்.

கிளை அமைப்பை எப்படித் திட்டமிடுவது?

தாய் ஸ்கிரீனில் வைத்தது எல்லாச் சேய்களிலும் தெரியும். இந்த ஒரு விதியை வைத்து முழு ஆவணத்தையும் வடிவமைக்கலாம்.

ஒரு பாடம் என்று வைத்துக்கொள்வோம்: அறிமுகம், மூன்று அலகுகள், ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள், கடைசியில் வினாடி வினா. பின்னணி நிறம், சின்னம், முன் பின் பொத்தான்கள் பிரசன்டேஷனில் போகும். அதற்குக் கீழே அறிமுகம், அலகு ஒன்று, அலகு இரண்டு, அலகு மூன்று, வினா என்று ஐந்து சேய்கள். அலகு ஒன்றின் ஸ்கிரீனில் அந்த அலகின் தலைப்பும் பக்கவாட்டுப் பட்டையும் மட்டும். அதன் நான்கு சேய்களில் பக்கங்களின் உள்ளடக்கம். தலைப்பில் ஒரு எழுத்துப்பிழை என்றால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

அடுத்த ஸ்லைடு என்ற கட்டளை அலகு ஒன்றின் கடைசிச் சேயிலிருந்து அலகு இரண்டின் முதல் சேய்க்குத் தானாகவே போகும். அலகு ஸ்கிரீன் தனிப் பக்கமாக நிற்காது, தன் சேயோடு சேர்ந்துதான் தோன்றும். அலகுக்கென்று தனி முகப்புப் பக்கம் வேண்டுமானால் அதை முதல் சேயாக வையுங்கள். இதைத் தெரியாமல் அலகு ஸ்கிரீனிலேயே முகப்புப் படத்தைப் போட்டால், அந்தப் படம் நான்கு பக்கங்களுக்கும் பின்னால் நின்றுகொண்டே இருக்கும்.

மூன்று மட்டங்களுக்கு மேல் போனால் குறியீட்டில் பாதைகள் நீண்டுவிடும், யார் எதற்குள் இருக்கிறார் என்று ஆவணம் செய்தவருக்கே மறந்துவிடும். அதற்கு மேல் ஆழம் தேவைப்பட்டால் தனி எஸ்டபிள்யூஎஃப் கோப்பாக (வெளியிட்ட பின் ஓடும் ஃப்ளாஷ் கோப்பு) பிரிப்பதே மேல்.

பெயர் வைப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

அவுட்லைனில் வைக்கும் பெயர்தான் குறியீட்டில் இன்ஸ்டன்ஸ் பெயராகவும், அதாவது அந்த ஸ்கிரீனைக் கூப்பிடும் பெயராகவும் இருக்கிறது. எனவே ஆவணம் முழுக்க ஒரு பெயர் ஒருமுறைதான் வரலாம். ஆங்கில எழுத்தில் தொடங்கி, இடைவெளியோ குறிகளோ இல்லாமல் இருக்கட்டும். ஸ்லைடு7, ஸ்லைடு12 என்று தானாக வரும் பெயர்களை அப்படியே விட்டால், வரிசையை மாற்றிய மறுநாளே ஏழாவது இடத்தில் ஸ்லைடு12 உட்கார்ந்திருக்கும்.

குறியீடு எழுதிய பிறகு பெயரை மாற்றினால் குறியீட்டில் உள்ள பழைய பெயர் தானாக மாறாது. பிழைச்செய்தியும் பெரும்பாலும் வராது. பொத்தான் அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். பெயர்களை முடிவு செய்துவிட்டுக் குறியீட்டைத் தொடுங்கள். ஃப்ளாஷ் பிளேயர் 7க்கு வெளியிடும்போது பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும். 6க்கு ஓடிய கோப்பு 7க்கு மாற்றியதும் நின்றுபோவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

ஸ்லைடில் ஒரு பொருளின் ஆயத்தொலைவு ஸ்டேஜோடு ஒத்துப்போகவில்லையே?

ஸ்லைடின் பதிவுப்புள்ளி, அதாவது ஆயத்தொலைவு 0, 0 ஆகும் இடம், இயல்பாக நடுவில் இருக்கும், ஃபார்முக்கு இடது மேல் மூலை. 550க்கு 400 அளவுள்ள ஸ்டேஜில் (பார்வையாளருக்குத் தெரியும் வரைபரப்பு) குறியீடு வழியாக ஒரு கிளிப்பை 0, 0 என்ற இடத்தில் வைத்தால் ஸ்லைடில் அது நடுப்பகுதிக்கு வரும், ஃபார்மில் மூலைக்குப் போகும். பிராப்பர்ட்டீஸ் பலகத்தில் பதிவுப்புள்ளியை மாற்றலாம்.

ஸ்கிரீனின் அகல உயரத்தை நேரடியாக அடிக்க முடியாது, உள்ளே இருக்கும் பொருட்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. ஸ்டேஜுக்கு வெளியே மறந்துபோன ஒரு சிறு வடிவம் கிடந்தாலும் ஸ்கிரீன் பெரிதாகும், பதிவுப்புள்ளியும் நகரும். பொருள் சேர்க்கும்போதும் எடுக்கும்போதும் புள்ளி அசையாமல் இருக்க கீப் ரிஜிஸ்ட்ரேஷன் பாயின்ட் என்ற கட்டத்தை முதலிலேயே தேர்ந்துவிடுங்கள்.

குறியீட்டை எங்கே எழுதுவது: ஃபிரேமிலா, ஸ்கிரீனிலா?

இரண்டிலும் எழுதலாம், ஆனால் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் ஓடும்.

ஸ்லைடின் முதல் ஃபிரேமில் எழுதியது அந்த ஸ்லைடு திரையில் தோன்றும்போது ஓடும் என்று நம்பக் கூடாது. எல்லா ஸ்கிரீன்களும் தொடக்கத்திலேயே உருவாகிவிடுவதால், எட்டாவது ஸ்லைடின் முதல் ஃபிரேமில் வைத்த கடிகாரம் பார்வையாளர் முதல் ஸ்லைடைப் பார்க்கும்போதே ஓடத் தொடங்கிவிடும். மாறிகளுக்குத் தொடக்க மதிப்பு தருவது, ஃபங்க்‌ஷன்களை அறிவிப்பது, இவற்றுக்கு மட்டும் ஃபிரேமைப் பயன்படுத்துங்கள்.

தோன்றும்போது நடக்க வேண்டியதை ஸ்கிரீனோடு இணைத்து எழுத வேண்டும். அவுட்லைனில் ஸ்கிரீனைச் சொடுக்கி, ஆக்‌ஷன்ஸ் பலகத்தில் ஆன் (ரிவீல்) என்று தொடங்கி நெளிவு அடைப்புக்குள் குறியீட்டை வையுங்கள். மறையும்போது நடக்க வேண்டியதற்கு ஆன் (ஹைட்). இந்த இரண்டு நிகழ்வுகளை மட்டும் ஒழுங்காகப் பிடித்தால் ஸ்லைடு ஆவணத்தின் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும்: மதிப்பெண்ணைப் பூச்சியமாக்குவது, ஒலியைத் தொடங்குவது, உரைப்பெட்டியைக் காலியாக்குவது எல்லாம்.

குறியீட்டுக்கே போகாமல் பிஹேவியர்ஸ் பலகத்திலிருந்தும் செய்யலாம். முதல் ஸ்லைடு, கடைசி ஸ்லைடு, அடுத்தது, முந்தியது, குறிப்பிட்ட ஸ்லைடு, காட்டு, மறை என்று அங்கே ஆயத்தமாக இருக்கின்றன. அது எழுதித் தரும் குறியீட்டை ஆக்‌ஷன்ஸ் பலகத்தில் படித்துப் பாருங்கள். கற்றுக்கொள்ள எளிய வழி அது. ஆனால் ஐம்பது பொத்தான்களுக்கும் அதையே பயன்படுத்தினால் ஐம்பது இடங்களில் ஒரே குறியீடு சிதறிக் கிடக்கும்.

அடுத்த பக்கப் பொத்தானுக்கு என்ன எழுதுவது? எழுதியும் வேலை செய்யவில்லை.

கட்டளை: ரூட்ஸ்லைடு.கோட்டுநெக்ஸ்ட்ஸ்லைடு(), ரூட்ஸ்லைடு என்பது எந்த ஆழத்திலிருந்து கூப்பிட்டாலும் மேல்நிலை ஸ்லைடைத் தரும். பின்னால் போக கோட்டுபிரீவியஸ்ஸ்லைடு, முதலுக்கு கோட்டுஃபர்ஸ்ட்ஸ்லைடு, குறிப்பிட்ட ஒன்றுக்கு கோட்டுஸ்லைடு, அடைப்புக்குள் அந்த ஸ்லைடின் பாதை.

வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் குறியீட்டில் வரும் திஸ் என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்பதுதான். நீங்களே வரைந்த பொத்தான் சின்னத்தில் ஆன் (ரிலீஸ்) எழுதினால், அதற்குள் திஸ் என்பது பொத்தான் உட்கார்ந்திருக்கும் ஸ்கிரீன். அங்கே திஸ்.ரூட்ஸ்லைடு சரி. ஆயத்தப் பாகங்கள் உள்ள காம்பொனென்ட் பலகத்திலிருந்து இழுத்த பொத்தானில் ஆன் (கிளிக்) எழுதினால், திஸ் என்பது அந்தப் பொத்தானேதான். அங்கே அடிக்கோட்டுடன் _பேரன்ட்.ரூட்ஸ்லைடு என்று ஒரு படி மேலே ஏற வேண்டும். மூவி கிளிப்பைப் பொத்தானாகப் பயன்படுத்தினாலும் இதே கதை.

ஸ்லைடுகளுக்கு நடுவே கோட்டுஅண்ட்பிளே கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள். அது ஃபிரேமுக்கு நகர்த்தும், ஸ்லைடுக்கு அல்ல.

அம்பு விசைகள் சில இடங்களில் ஓடுகின்றன, சில இடங்களில் ஓடுவதில்லை. ஏன்?

இயல்பாக வல அம்பும் ஸ்பேஸ் விசையும் அடுத்த ஸ்லைடுக்கும், இட அம்பு முந்திய ஸ்லைடுக்கும் போகும். இதைக் கட்டுப்படுத்துவது ஆட்டோகீநேவ் என்ற பண்பு. ட்ரூ, ஃபால்ஸ், இன்ஹெரிட் என்று மூன்று மதிப்புகள். இன்ஹெரிட் என்றால் தாயின் மதிப்பு செல்லும். மேல்நிலை ஸ்லைடும் இன்ஹெரிட் ஆக இருந்தால் ட்ரூ என்று எடுத்துக்கொள்ளும்.

சோதனையில் ஓடவில்லை என்றால் கன்ட்ரோல் பட்டியலில் டிசேபிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் தேர்ந்திருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் சில விசைகளை மென்பொருளே விழுங்கிவிடும். இணையப் பக்கத்தில் ஓடவில்லை என்றால் எஸ்டபிள்யூஎஃப் மீது ஒருமுறை சொடுக்கிய பிறகுதான் விசைகள் அதற்குப் போகும். முதல் ஸ்லைடில் தொடங்கு என்ற பொத்தான் வைப்பது இதற்காகத்தான்.

உரை உள்ளீட்டுப் பெட்டி இருக்கும் ஸ்லைடில் ஆட்டோகீநேவை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். பெயருக்கும் முதலெழுத்துக்கும் நடுவே ஸ்பேஸ் அடித்ததும் பக்கம் புரள்வதை எந்தப் பயனரும் ரசிக்க மாட்டார்.

குறிப்புகளை ஒவ்வொன்றாக வரவழைக்க வேண்டும், பழையவை மறையக் கூடாது.

ஒவ்வொரு குறிப்பையும் ஒரு சேய் ஸ்லைடாக வையுங்கள். தாயின் ஓவர்லேசில்ட்ரன் பண்பை ட்ரூ ஆக்குங்கள். முதல் சேயிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது முதலாவது நின்றுகொண்டே இருக்கும். இயல்பு மதிப்பு ஃபால்ஸ், அதில் ஒன்று வந்தால் மற்றது போகும்.

அடுத்த ஸ்லைடுக்குப் போன பிறகும் பழைய ஸ்லைடின் ஒலி கேட்கிறது.

பிளேஹிடன் பண்பின் இயல்பு மதிப்பு ட்ரூ. அதாவது மறைந்த பிறகும் ஸ்லைடின் டைம்லைன் ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஃபால்ஸ் ஆக்கினால் மறைந்ததும் நின்றுவிடும், மீண்டும் தோன்றும்போது முதல் ஃபிரேமிலிருந்து தொடங்கும். விளக்கக் குரல் வைத்த ஸ்லைடுகளுக்கு இதுதான் வேண்டும், ஒலியின் வகை ஸ்ட்ரீம் ஆக இருக்கட்டும். ஈவன்ட் வகை ஒலி டைம்லைனோடு கட்டுப்பட்டதல்ல, ஒருமுறை தொடங்கினால் முடியும்வரை ஓடும். அதற்கு ஆன் (ஹைட்) உள்ளே ஸ்டாப்ஆல்சவுண்ட்ஸ் எழுத வேண்டும். அது மேல்நிலையில் வைத்த பின்னணி இசையையும் நிறுத்தும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

ஃபார்ம் பயன்பாட்டை ஓட்டினால் எல்லா ஃபார்ம்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன.

விசிபிள் பண்பு எல்லாவற்றுக்கும் இயல்பாக ட்ரூ. முதல் ஃபார்மைத் தவிர மற்றவற்றை அவுட்லைனில் தேர்ந்து, பிராப்பர்ட்டீஸ் பலகத்தின் பாராமீட்டர்ஸ் தாவலில் ஃபால்ஸ் ஆக்குங்கள்.

நுழைவு, பட்டியல், விவரம் என்று மூன்று ஃபார்ம்கள் என்றால், நுழைவு சரியானதும் நுழைவு ஃபார்மின் விசிபிளை ஃபால்ஸ், பட்டியலின் விசிபிளை ட்ரூ ஆக்கினால் போதும். விவரத்தைப் பட்டியலின் சேயாக வைக்கலாம். பட்டியலை மறைத்தால் விவரமும் சேர்ந்தே மறையும், தனியே எழுத வேண்டாம்.

இங்கே ஒரு எழுத்து வித்தியாசம் பெரிய தொல்லை தரும். அடிக்கோட்டுடன் தொடங்கும் _விசிபிள் என்பது மூவி கிளிப்பின் பழைய பண்பு. அதை மாற்றினால் ஃபார்ம் மறையும், ஆனால் ரிவீல், ஹைட் நிகழ்வுகள் நடக்காது. ஆன் (ரிவீல்) உள்ளே எழுதியது ஓடவே இல்லை என்று வரும் கேள்விகளுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த அடிக்கோடு.

மாற்றக் காட்சிகளை எப்படிச் சேர்ப்பது?

பிஹேவியர்ஸ் பலகத்தில் ஸ்கிரீன் பிரிவில் டிரான்சிஷன். பிளைண்ட்ஸ், ஃபேட், ஃப்ளை, ஐரிஸ், ஃபோட்டோ, பிக்சல் டிசால்வ், ரொட்டேட், ஸ்குவீஸ், வைப், ஜூம் என்று பத்து வகைகள். திசை உள்ளே என்றால் நிகழ்வு ரிவீல் ஆகவும், வெளியே என்றால் ஹைட் ஆகவும் இருக்க வேண்டும். இதை மாற்றி வைத்துவிட்டால் ஸ்லைடு வந்து நின்றதும் தானே கரைந்து போகும்.

குறியீட்டில் டிரான்சிஷன்மேனேஜரின் ஸ்டார்ட் கட்டளையை அழைத்து வகை, திசை, நேரம், வேகமாற்றம் ஆகியவற்றைத் தரலாம். திசைக்கு 0 என்றால் உள்ளே, 1 என்றால் வெளியே. நேரம் நொடிகளில். ஒரு நொடிக்கு மேல் வைக்காதீர்கள். முதல்முறை பார்க்க அழகு, பன்னிரண்டாவது பக்கத்தில் எரிச்சல். சேய்கள் உள்ள ஸ்கிரீனில் எழுதும்போது நிகழ்வின் இலக்கு இந்த ஸ்கிரீன்தானா என்று, அதாவது ஈவன்ட்ஆப்ஜ்.டார்கெட் திஸ்ஸுக்குச் சமமா என்று சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

காட்சி முடிந்த பிறகு எதையாவது தொடங்க வேண்டுமானால் ஆல்டிரான்சிஷன்ஸ்இன்டன் என்ற நிகழ்வு இருக்கிறது. கடிகாரம் வைத்து ஊகிக்க வேண்டியதில்லை.

தமிழ் எழுத்து உடைந்து வருகிறது, ஃபேட் காட்சியில் எழுத்து மட்டும் மங்குவதில்லை.

இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. ஃப்ளாஷ் பிளேயர் 6 முதல் யூனிகோடு உண்டு. ஆனால் எழுத்துருவைக் கோப்புக்குள் பதித்தால் அக்காலத்து பிளேயர் உயிர்மெய்க் குறிகளை இடம் மாற்றி அடுக்காது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டியது பின்னால் தொங்கும். டைனமிக் உரையில் டிவைஸ் ஃபான்ட் (பார்வையாளரின் கணினியிலேயே உள்ள எழுத்துரு) வைத்தால் வேலை இயங்குதளத்திடம் போகும், எழுத்து சரியாக வரும். விண்டோஸ் எக்ஸ்பியில் சிக்கலான எழுத்து முறைகளுக்கான ஆதரவைத் தனியே நிறுவியிருக்க வேண்டும்.

ஆனால் பதிக்காத எழுத்து ஒளிபுகுதன்மைக்குக் கட்டுப்படாது. ஃபேட் ஓடும்போது படம் மங்கும், எழுத்து அப்படியே நின்று கடைசியில் சட்டென்று மறையும். ரொட்டேட் காட்சியில் எழுத்து காணாமலே போகும். ஃப்ளாஷ் 8 என்றால் அந்த ஸ்கிரீனின் கேஷ்ஆஸ்பிட்மேப் பண்பை ட்ரூ ஆக்கினால் ஃபேட் சரியாகும். எம்எக்ஸ் 2004 என்றால் ஃப்ளை போன்ற நகர்வுக் காட்சிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மாறாத தலைப்புகளுக்கு இன்னொரு வழி: பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் அடித்து, பிரேக் அபார்ட் கட்டளையை இருமுறை கொடுத்து வடிவமாக்கிவிடுவது. பிறகு எந்தக் காட்சியும் ஓடும், ஆனால் எழுத்தைத் திருத்த முடியாது. மூல உரையை வெளியீட்டில் வராத ஒரு கைடு அடுக்கில் வைத்திருங்கள்.

படங்களையும் பிற எஸ்டபிள்யூஎஃப் கோப்புகளையும் ஸ்கிரீனுக்குள் ஏற்றலாமா?

ஸ்கிரீனின் கன்டென்ட்பாத் பண்பில் கோப்பின் முகவரியைக் கொடுங்கள். ஆட்டோலோட் ட்ரூ என்றால் தானே ஏறும், ஃபால்ஸ் என்றால் லோட் கட்டளை கொடுக்கும்போது ஏறும். பெரிய வீடியோ உள்ள ஸ்கிரீனுக்கு ஃபால்ஸ் வைத்து ஆன் (ரிவீல்) உள்ளே ஏற்றுவது சிக்கனம்.

படம் வரவில்லை என்றால் இரண்டு காரணங்கள். ஃப்ளாஷ் பிளேயர் 7 வரை சாதாரண ஜேபெக் மட்டுமே ஏறும். புரோகிரசிவ் ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப் எல்லாம் 8 முதல்தான். அடுத்தது, சார்பு முகவரி எஸ்டபிள்யூஎஃப் இருக்கும் அடைவிலிருந்து அல்ல, அதை வைத்திருக்கும் எச்டிஎம்எல் பக்கத்தின் அடைவிலிருந்து கணக்கிடப்படும். தனியே ஓட்டினால் வருகிறது, பக்கத்தில் வைத்தால் வரவில்லை என்பதற்கு இதுவே விளக்கம்.

ஏற்றம் நடப்பதைக் காட்டும் பட்டை வேலை செய்வதில்லையே?

அதே ஆவணத்துக்குள் வைத்தால் வேலை செய்யாது. எல்லா ஸ்கிரீன்களும் முதல் ஃபிரேமில் இருப்பதால், பட்டை திரையில் தோன்றுவதற்குள் முழுக்கோப்பும் இறங்கியாக வேண்டும். சோதனைச் சாளரத்தில் பேண்ட்வித் புரொஃபைலரைத் திறந்தால் முதல் ஃபிரேமில் ஒரே ஒரு உயரமான கோடு நிற்பதைப் பார்க்கலாம்.

தீர்வு: ஸ்கிரீன் இல்லாத ஒரு சிறிய ஓட்டுக்கோப்பு, அதாவது மற்றதை உள்ளே ஏற்றும் உறை. அதில் மூவிகிளிப்லோடர் வைத்து ஸ்கிரீன் கோப்பை ஒரு வெற்று மூவி கிளிப்புக்குள் ஏற்றி, அங்கே பட்டையை ஓட்டுங்கள். அப்படிச் செய்ததும் ஸ்கிரீன் கோப்புக்குள் _ரூட் என்று எழுதிய பாதைகள் எல்லாம் ஓட்டுக்கோப்பைக் குறிக்கத் தொடங்கிவிடும். தொடக்கம் முதலே ரூட்ஸ்லைடு, ரூட்ஃபார்ம் என்று எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பழைய குறியீட்டைத் தொட முடியாது என்றால், ஏற்றும் கிளிப்பின் _லாக்ரூட் பண்பை ட்ரூ ஆக்கிப் பாருங்கள். அது ஃப்ளாஷ் பிளேயர் 7 முதல் உண்டு.

ஸ்கிரீன்களுக்குச் சொந்த கிளாஸ் எழுதலாமா?

எழுதலாம். பத்து வினா ஸ்லைடுகள் ஒரே மாதிரி நடக்க வேண்டுமானால் எழுதத்தான் வேண்டும். எம்எக்ஸ்.ஸ்கிரீன்ஸ்.ஸ்லைடு கிளாஸை நீட்டித்து, கிளாஸ் பெயரும் கோப்புப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி ஒரு ஏஎஸ் கோப்பில் சேமியுங்கள். பிறகு ஒவ்வொரு வினா ஸ்லைடையும் தேர்ந்து பிராப்பர்ட்டீஸில் கிளாஸ் பெயர் கட்டத்தில் அதை அடியுங்கள்.

கிளாஸை மாற்றியும் பழையபடியே ஓடினால், தொகுத்து வைத்த ஏஎஸ்ஓ நகலை மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஃப்ளாஷ் 8இல் கன்ட்ரோல் பட்டியலில் டிலீட் ஏஎஸ்ஓ ஃபைல்ஸ் உண்டு. எம்எக்ஸ் 2004இல் அந்த அடைவைத் தேடிக் கையால் அழிக்க வேண்டும்.

ஸ்கிரீன் ஆவணத்தில் சீன்களும் (முதன்மை டைம்லைனைப் பகுதிகளாகப் பிரிப்பவை) வைக்கலாமா?

முடியாது.

இன்று இந்தக் கோப்புகளைத் திறக்கவும் ஓட்டவும் வழி என்ன?

திறக்க, அந்தக் கால மென்பொருளே வேண்டும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2 வெளியீட்டை 2013இல் வந்த ஃப்ளாஷ் சிசி கைவிட்டுவிட்டது, ஃப்ளாஷின் பிந்தைய வடிவமான அனிமேட்டிலும் அது இல்லை. ஃப்ளாஷ் 8 அல்லது சிஎஸ்3 உரிமம் கையில் இருந்தால் பழைய விண்டோஸை மெய்நிகர் கணினியில் நிறுவி அதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுவது அதைவிட எளிது. ஃப்ளாஷ் பிளேயரின் ஆதரவு 31 டிசம்பர் 2020உடன் முடிந்தது. 12 ஜனவரி 2021 முதல் உலாவிச் செருகி உள்ளடக்கத்தை ஓட்ட மறுக்கிறது. ஆனால் புரொஜெக்டராக வெளியிட்ட எக்ஸி கோப்பு செருகி இல்லாமலே ஓடும். இணையத்தில் வைக்க ரஃபிள் என்ற திறந்த மூல நிரல் இருக்கிறது. அதில் வைத்துப் பார்க்கும்போது அம்பு விசை, உரைப்பெட்டி, மாற்றக் காட்சி மூன்றையும் ஒவ்வொரு ஸ்லைடிலும் தனித்தனியே சோதியுங்கள். முதல் பக்கம் சரியாக வந்ததை வைத்து மற்றவையும் சரி என்று விட்டுவிடாதீர்கள்.